சமனாக்கியா, துண்டிப்பானா?: டி.ஜே. மேசையின் மூன்று குமிழ்கள் குறித்து

ஈக்வலைசர் என்பதைச் 'சமனாக்கி' என்று தமிழில் எழுதிப் பார்க்கும்போதுதான் அந்தப் பெயருக்குள் இருக்கும் வில்லங்கம் தெரிகிறது. தொலைபேசிக் கம்பியில் நெடுந்தூரம் போகும் குரல், வழியில் தன் மேல் அதிர்வெண்களை இழந்து மழுங்கிப்போய்ச் சேரும். இழந்ததை ஈடுகட்டி, இந்த முனையில் பேசியதும் அந்த முனையில் கேட்பதும் ஒன்றாக இருக்கும்படி செய்த சுற்றுக்கு வந்த பெயர் இது. வானொலியும் ஒலிப்பதிவுக்கூடமும் இந்தச் சொல்லாடலை அப்படியே வாங்கிக்கொண்டன: மூலம் என்று ஒன்று உண்டு, அது வழியில் சிதைகிறது, கருவி அதைத் திருத்துகிறது. நம்மூர் டேப்ரிக்கார்டர்களின் நெற்றியில் வரிசையாக நின்ற சறுக்குக் கட்டைகளும் இந்தப் பரம்பரைதான். (அவற்றில் இரண்டு ஓரத்தையும் மேலே ஏற்றி, நடுவைக் கீழே இறக்கி, சிரிக்கிற வாய்போல வைத்துவிட்டு 'சவுண்டு சூப்பர்' என்று பலரும் சொல்லிக்கொண்டது மூலத்துக்குச் செய்த துரோகம். அது தனிக் கதை.)

டி.ஜே. மேசையில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலிருந்து கீழாக மூன்று குமிழ்கள் இருக்கும். மேல், நடு, அடி. பெயர் அதே ஈக்வலைசர்தான். ஆனால் செய்கிற வேலை நேர் எதிரானது. ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்க இன்னொன்றை அதன்மேல் ஏற்ற வேண்டும். இரண்டின் கிக் டிரம்மும் ஒரே நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் விழுந்தால், சில இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சில இடத்தில் இரட்டித்து ஸ்பீக்கரைத் திணறடிக்கும். ஆகவே உள்ளே வருகிற பாட்டை அடி அறுத்துத்தான் கொண்டுவர வேண்டும். அது தன் மேல் ஒலிகளோடு மட்டும் மெல்ல நுழையும். பதினாறு அல்லது முப்பத்திரண்டு தாளச்சுற்று கழித்து, வாக்கியம் முடிகிற இடத்தில், பழைய பாட்டின் அடியை இறக்கிப் புதியதன் அடியைத் திறப்பார்கள். ஆடுகிற உடல்கள் அந்த மாற்றத்தைக் காதால் அறிவதற்கு முன் வயிற்றால் அறியும். இதில் எங்கே இருக்கிறது மீட்பு? இருப்பதை மறுத்து, மறுத்ததை வேண்டிய கணத்தில் திருப்பித் தருவது இது. துண்டிப்பான் என்பதே இதற்குச் சரியான பெயர்.

இந்தத் துண்டிப்பு எந்த ஆய்வகத்திலும் பிறக்கவில்லை. 1969 ஸ்டோன்வால் எழுச்சிக்குப் பிந்தைய நியூயார்க்கில், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் ஒருபாலீர்ப்பு ஆண்கள் ஆடிய தளங்களில் பிறந்தது. 1970இல் தன் வீட்டிலேயே 'லாஃப்ட்' விருந்துகளைத் தொடங்கிய டேவிட் மான்குசோ, அலெக்ஸ் ரோஸ்னரைக் கொண்டு ட்வீட்டர்களைக் கூரையிலிருந்து கொத்தாகத் தொங்கவிட்டு, அடி ஒலிக்குத் தனிப் பெட்டிகளையும் சேர்த்தார். கிங் தெரு 84ஆம் எண் கட்டடத்தில் 1977 முதல் 1987 வரை நடந்த பாரடைஸ் கராஜுக்கு ரிச்சர்ட் லாங் ஒலியமைப்பு செய்தார். அங்கே தட்டுகளைச் சுழற்றியவர் லாரி லெவன். அந்தக் காலத்து கிளப் மிக்சர்கள் பலவற்றில் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாக மூன்று குமிழ் கிடையாது. ஒலியை அடி, நடு, மேல் எனப் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்புகிற கிராஸ்ஓவர்தான் இருந்தது. அது பொறியாளர் ஒருமுறை சரிசெய்து பூட்டிவைக்க வேண்டிய பெட்டி. அதன் அளவுகளை டி.ஜே.யின் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைத்ததும் அது இசைக்கருவி ஆகிவிட்டது. பொறியாளரின் அதிகாரத்துக்குள் இருந்த ஒன்று ஆட்டக்காரர்களின் பக்கம் கைமாறியது என்று இதை வாசிக்கலாம். பெரிதாகச் சொல்லத் தேவையில்லை, நடந்தது அதுதான். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்தவர்களுக்கும் அது எப்படியோ புரிந்துதான் இருந்தது.

இங்கே நம் இடதுசாரி நண்பர்கள் சிலர் அடோர்னோவோடு வருவார்கள். கேட்டலின் பின்னடைவு பற்றிய 1938ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் முழுமையை விட்டுத் துணுக்குகளைச் சப்பிக்கொண்டிருக்கும் காதைச் சாடுகிறார். தன் கையால் வானொலிப் பெட்டி கட்டும் ஆசாமியையும் விடுவதில்லை: என்ன கேட்கிறது என்பது அவனுக்குப் பொருட்டே இல்லையாம், கேட்கிறது என்பதே போதுமாம். அடி ஒலிக்காகக் காத்திருக்கும் கூட்டமும், குமிழ் திருகும் டி.ஜே.யும் அந்தப் பட்டியலில் சரியாகப் பொருந்திவிடுவார்கள். ஆனால் ரிச்சர்ட் டயர் 1979இல் 'கே லெஃப்ட்' இதழில் டிஸ்கோவுக்கு ஆதரவாக எழுதியதை நம் நண்பர்கள் ஏன் படிப்பதில்லை? முதலாளியம் ஒரு பண்டத்தைச் செய்வதால் அதன் பயன்பாட்டையும் முதலாளியமே தீர்மானித்துவிடாது என்கிறார் டயர். துண்டித்துக் கேட்பதைப் பின்னடைவு என்பதைவிட, முழுமை என்று கொடுக்கப்பட்டதை நம்ப மறுப்பது என்றும் சொல்லலாமே.

என்னைச் சங்கடப்படுத்துவது அடோர்னோவின் மறுப்பைவிட மான்குசோவின் மறுப்புதான். அவர் பிற்பாடு கலப்பதையே நிறுத்திவிட்டார். மிக்சரையும் ஒதுக்கிவைத்தார். தட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடவிட்டார். பாடியவர், வாசித்தவர் செய்ததில் குறுக்கே கை வைக்க நான் யார் என்ற கேள்வி அதில் இருக்கிறது. அந்தத் தட்டுகளில் இருந்த குரல்களில் பெரும்பான்மை கறுப்பினப் பெண்களின் குரல்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால், 'நடு'க் குமிழை இறக்கி அந்தக் குரலைக் காணாமலாக்குவது அவ்வளவு லேசான காரியமாகத் தோன்றவில்லை. மென்பொருளில் அந்தப் பொத்தானுக்கு 'கில்' என்றே பெயர். கொலை!

சரி, மென்பொருளுக்கு வருவோம். ட்ராக்டர் மென்பொருளில் எந்த வகை ஈக்வலைசர் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு. பி600, ஸோன், நூவோ என்று பெயர்கள். பயனியரின் டி.ஜே.எம்.-600, ஆலன் அண்ட் ஹீத்தின் ஸோன்:92, எக்ளரின் நூவோ 4 என்ற மிக்சர்களின் நடத்தையைப் போலச்செய்பவை இவை. வரலாறு இங்கே விற்பனைப் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. இயந்திரங்களின் பெயரை மெனு ஞாபகம் வைத்திருக்கிறது. அந்த இயந்திரங்களை அவசியமாக்கிய கைகளின் பெயர் எங்கும் இல்லை. லெவன் 1992இல் 38 வயதில் இறந்தார். அவர் பெயரில் ஒரு தெரிவு இருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

இந்தப் பெயர்களுக்கு அடியில் ஒரு கொள்கைச் சண்டையும் ஒளிந்திருக்கிறது. பயனியரின் டி.ஜே.எம்.-900 நெக்சஸில் ஒரு சுவிட்ச் உண்டு. ஈக்வலைசர் பக்கம் தள்ளினால் குமிழ் மைனஸ் 26 டெசிபல் வரை இறக்கும். ஐசோலேட்டர் பக்கம் தள்ளினால் அடியோடு மௌனம். 26 டெசிபல் இறக்கம் என்றால் வீச்சு இருபதில் ஒரு பங்காகிறது என்று பொருள். அதாவது போன ஒலியின் ஆவி இன்னும் அறையில் இருக்கிறது. ஒதுக்கிவைப்பதா, இல்லாமலாக்குவதா? ஒரு சிறிய சுவிட்சில் இந்தக் கேள்வி நிற்கிறது. பெரும்பாலோர் அதைக் கடையில் வைத்துக் கொடுத்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

ஏபிள்டன் லைவ் 2001இல் பெர்லினிலிருந்து வந்தது. அதை உருவாக்கிய கெர்ஹார்ட் பெலெஸும் ராபர்ட் ஹென்கேயும் மோனோலேக் என்ற பெயரில் டெக்னோ செய்தவர்கள். ஆகவே டி.ஜே.க்களை மனதில் வைத்து 'ஈக்யூ த்ரீ' என்ற கருவியை அதில் வைத்திருக்கிறார்கள். மூன்று குமிழ், மூன்று கில் பொத்தான், பட்டைகள் எங்கே பிரிய வேண்டும் என்று சொல்ல இரண்டு அதிர்வெண் குமிழ்கள், பிரிப்பின் செங்குத்தைத் தீர்மானிக்க 24, 48 என்று ஒரு தெரிவு. 48இல் வைத்தால் எல்லைக்கு ஒரு ஸ்தாயி அப்பாலேயே ஒலி ஏறக்குறைய இருநூற்றைம்பதில் ஒரு பங்காகிவிடும். கத்தி மாதிரி. ஆனால் அதற்கு விலை உண்டு: மூன்று குமிழையும் பூஜ்யத்தில் வைத்து எதையும் தொடாமல் இருந்தாலும் இந்தக் கருவி ஒலியின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றும். மென்பொருளின் கையேடே அதைச் சொல்லிவிடுகிறது. சும்மா இருக்கும்போதும் அது சும்மா இருப்பதில்லை.

இது பிடிக்காதவர்கள் சொந்தமாகக் கட்டிக்கொள்கிறார்கள். எனக்கு இந்த வேலைதான் சுவாரசியம். 'ஈக்யூ எய்ட்' என்ற எட்டுப் பட்டைக் கருவியை ஒரு ரேக்குக்குள் போட்டு, வெளியே மூன்று மேக்ரோ குமிழ்களை மட்டும் வைப்பது. உள்ளே ஒரு பட்டை 15 டெசிபலுக்கு மேல் இறங்காது. ஆகவே அடிக்கு ஒரே அதிர்வெண்ணில் இரண்டு ஷெல்ஃப் வளைவுகள், தலைக்கு மைனஸ் 13, சேர்ந்து 26. நடுவுக்கு இரண்டு மணி வளைவுகள், மேலுக்கு மறுபடி இரண்டு ஷெல்ஃப். ஆறு பட்டை போக இரண்டு மிச்சம். ஜோடி ஜோடியாக ஒரே குமிழோடு கட்டிவிட வேண்டியது. இது ஐசோலேட்டர் ஆகாது. மூன்றையும் அடிவரை இறக்கினாலும் வளைவுகளுக்கு இடைப்பட்ட சந்துகளில் இசை கசியும். கசியட்டும் என்பது என் கட்சி.

இதிலே ஒரு சிக்கல். மிக்சரில் இருப்பதுபோல மைனஸ் 26 முதல் பிளஸ் 6 வரை குமிழுக்கு எல்லை கொடுத்தால், மேக்ரோ அதை நேர்க்கோட்டில் பங்கிடுகிறது. மொத்தம் 32 டெசிபல். அதில் பூஜ்யம் குமிழின் நடுவில் வராது, கடிகார முள்ளில் மூன்று மணியைத் தொட்டு நிற்கும். பன்னிரண்டு மணியில், பார்ப்பதற்கு நடுநிலையாக நிற்கிற குமிழ், உண்மையில் 10 டெசிபலை விழுங்கிக்கொண்டிருக்கும். எத்தனை பட்டையை உள்ளே அடுக்கினாலும் நேர்க்கோடுகளின் கூட்டல் நேர்க்கோடுதான், ஆகவே இது தீராது. நிஜ மிக்சரில் குமிழின் இடப்பாதி 26 டெசிபலுக்கும் வலப்பாதி வெறும் 6 டெசிபலுக்கும் ஒதுக்கப்பட்டு, பூஜ்யம் நடுவில் ஒரு சிறு பள்ளமாக விரலுக்குத் தட்டுப்படும். இருட்டில் கண் பார்க்காமல் விரல் படிக்கிற எழுத்து அது. 'மிக்சர் மாதிரி' என்று விளம்பரம் செய்கிற மென்பொருள்கள் உருவத்தைத் தருகின்றன. விரலின் ஞாபகத்தைத் தருகிறதா என்பது ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துத்தான் தெரியும்.

நான் கண்ட வழி, கூட்டுவதையே விட்டுவிடுவது. எல்லையை மைனஸ் 26 முதல் பூஜ்யம் வரை என்று வைத்துவிட்டால், வலக்கோடியில் பாட்டு உள்ளபடி இருக்கும். அங்கிருந்து இடப்பக்கம் எவ்வளவு திருகினாலும் குறைப்பு மட்டும்தான். பிளஸ் 6 என்பது வீச்சை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவது. இரண்டு பாட்டும் ஏற்கெனவே உச்சத்தில் முட்டிக்கொண்டிருக்கும்போது அது உறுமலைத் தவிர வேறெதையும் சேர்ப்பதில்லை. அடி ஒலி திரும்பி வரும்போது பெரிதாகத் தோன்றுவது அது இல்லாமல் இருந்த நேரத்தால்தான். சிலர் இதை ஏற்க மாட்டார்கள், குமிழை வலப்பக்கம் திருகாமல் அவர்களுக்குக் கை அரிக்கும்.

காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு மிக்ஸ் என்ற இலவச, திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. அதில் அடி எங்கே முடிகிறது, மேல் எங்கே தொடங்குகிறது என்பதை அமைப்புகளில் மாற்றலாம். எந்த வடிகட்டிச் சூத்திரம் வேலை செய்கிறது என்று மூலநிரலையே திறந்து படிக்கலாம். மற்ற நிறுவனங்கள் பூட்டிவைத்திருக்கிற பெட்டி இது.

லைவ் ரேக்கில் மேக்ரோ குமிழ்களுக்கு நாமே பெயர் எழுதிக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். என் ரேக்கில் மேல் குமிழுக்கு 'லாஃப்ட்' என்று பெயர். அடிக் குமிழுக்குக் 'கிங் தெரு 84'. நடுக் குமிழுக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லை. பாடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.