அமெரிக்க நியாயவாதிகளும் நன்னடத்தைச் சோதனையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியாயவாதித் தொழிலுக்கு அனுமதி வழங்கும் உரிமை அவ்வம்மாநிலத்து நீதிமன்றங்களையே சார்ந்தது. பெரும்பாலான மாநிலங்கள் அங்கீகாரம் பெற்ற சட்டக் கல்லூரியிற் பட்டம் பெற்றோரையே பரீட்சைக்கு ஏற்கும். கலிபோர்னியாவோ, நியாயவாதி ஒருவரிடமேனும் நீதிபதி ஒருவரிடமேனும் வாரந்தோறும் 18 மணி நேரமாக நான்காண்டு பயின்றாரையும் ஏற்கின்றது. முதலாண்டு முடிவில் ஒரு பரீட்சை. ஈற்றில் இரண்டு நாட் பரீட்சை. தொழிலறம் பற்றி வேறொன்று. இவ்வழியிற் சித்தியெய்துவோர் சிலரே. எனினும், கற்ற இடத்தை நோக்காது கற்றதனை அளக்கும் இம்முறை போற்றற்குரியது. 1836 இல் இலினோயில் அனுமதி பெற்ற ஆபிரகாம் லிங்கன் எந்தச் சட்டக் கல்லூரியையும் மிதித்தவரல்லர்.

நிற்க, பரீட்சையில் தேறினாலும் விண்ணப்பகாரர் நன்னடத்தையுடையார் எனக் காட்டுதல் வேண்டும். பிறர் பணத்தையும் இரகசியத்தையும் கையாளுவோரிடத்து நேர்மையை நாடுதல் தகும், அதனை மறுப்பாரிலர். ஆயின், விடைத்தாளைத் திருத்துவோர் எழுதியவரின் பெயரை அறியார். நடத்தையை ஆராய்வோரோ ஆளை எதிரே இருத்தியே வினவுவர். அளவுகோல் வளைதற்கு இடமுள்ளது ஈண்டேயாம்.

ஜோர்ஜ் அனஸ்தாப்லோவின் வழக்கு இதற்குத் தக்க சான்று. இரண்டாம் உலகப் போரில் விமானப் படையிற் சேவை செய்து, சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்ற இவர், 1950 இல் இலினோய்ப் பரீட்சையிற் சித்தியடைந்தார். கொடுங்கோன்மையை எதிர்த்துப் புரட்சி செய்யும் உரிமை மக்களுக்குண்டு என்று, 1776 ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தைத் தழுவி அவர் கூறியது நடத்தைக் குழுவினருக்கு ஐயத்தை விளைத்தது. கம்யூனிஸ்டுக் கட்சியினரோ என வினவினர். அவ்வினா முறையற்றதெனக் கருதி அவர் விடையிறுக்க மறுத்தார். அவர்மீது வேறு குற்றம் எதுவும் காணப்படவில்லை; அனுமதி மாத்திரம் மறுக்கப்பட்டது.

தகுதி நிபந்தனை எதுவும் தொழில் புரியும் தகைமையோடு இயைபுடையதாதல் வேண்டுமென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957 இல், நியூ மெக்சிக்கோ மாநிலத்து வழக்கொன்றிலே தீர்த்திருந்தது. நான்காண்டு கழிந்து, 1961 இல், அதே நீதிமன்றம் ஐவருக்கு நால்வராய்ப் பிரிந்து அனஸ்தாப்லோவின் மேன்முறையீட்டைத் தள்ளியது. கொள்கைக்காகவன்று, விசாரணைக்கு இடையூறு செய்தமைக்காகவே மறுப்பு என்றனர் பெரும்பான்மையோர். இவ்வாதம் ஏற்புடைத்தன்று. கேட்ட வினா தொழிலோடு இயைபுடையதென நிறுவாது, விடை கூறாமையைக் குற்றமாக்குதல் எங்ஙனம் பொருந்தும்? மேலும், அரசினரின் வினாவுக்கு அஞ்சாது நிற்றல் நியாயவாதிக்கு வேண்டிய குணங்களுள் ஒன்றன்றோ! நீதியரசர் ஹியூகோ பிளாக் தமது மாறுபட்ட தீர்ப்பில் அனஸ்தாப்லோவின் பக்கமே நின்றார்.

அந்நீதிமன்றத்தில் தம் வழக்கைத் தாமே எடுத்துரைத்த அனஸ்தாப்லோ, பிற்காலத்திற் சிக்காகோவிலுள்ள லொயோலாப் பல்கலைக்கழகத்துச் சட்டக் கல்லூரியிற் பேராசிரியராயினார். அவரிடம் பயின்றோர் நியாயவாதிகளாயினர். அவரோ 2014 இல் இறக்குமளவும் அவ்வனுமதி பெற்றிலர்.