கேட்கக் கிடைக்காத தட்டு

போன ஐப்பசியில் மஞ்சக்குட்டையில் ஒரு நண்பர் வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டம் என்றதும் பங்களாவையும் பட்லரையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஐந்து ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, ஓர் ஓட்டு வீடு, அவ்வளவுதான். விடாத மழை. வெளியே தலைகாட்ட முடியவில்லை. இரண்டாம் நாள் மாலை நண்பர் பீரோவைத் திறந்து ஓர் இசைத்தட்டை எடுத்தார். மெல்லிய துணியால் துடைத்துச் சுழலவிட்டார்.

மேல்நாட்டு ராக் சங்கீதம். எனக்கு அதில் பரிச்சயம் குறைவு. பாடியவர் நீல் யங், கனடாக்காரர். தட்டின் பெயர் 'டைம் ஃபேட்ஸ் அவே'. 1973 அக்டோபரில் வெளிவந்தது. அமெரிக்காவில் படித்த நண்பரின் அண்ணன் ஊர் திரும்பும்போது கொண்டுவந்தாராம். அண்ணன் இப்போது இல்லை. தட்டு இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் முள் துள்ளியது. சொன்ன சொல்லையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டு நின்றது. நண்பர் விரலால் மெல்லத் தள்ளிவிட்டார்.

"அண்ணன் இருக்கும்போதே விழுந்த கீறல். வேறே ஒண்ணு வாங்கிடலாம்னு பார்த்தா எங்கேயும் இல்லை. அச்சிலே இல்லைங்கன்னு சொல்லிட்டாங்க. வருஷக்கணக்கா அதையேதான் சொன்னாங்க."

புத்தகத்துக்குச் சொல்வதுபோல இசைத்தட்டுக்கும் 'அச்சில் இல்லை' என்று சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காத காரணமும் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் அச்சில் இல்லை? யாரும் கேட்காத பாடகர் என்றால் வியப்பில்லை. ஆனால் 1972இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டே இவருடைய 'ஹார்வெஸ்ட்'தான். அந்த வெற்றியின் சூட்டோடு பெரிய பெரிய அரங்குகளில் கச்சேரி செய்யப் புறப்பட்டார். ஒத்திகையின்போது, போதைப் பழக்கத்தால் வாசிக்க முடியாமல் போன கிதார்க்காரர் டானி விட்டனை வீட்டுக்கு அனுப்பினார். 1972 நவம்பரில், வீடு திரும்பிய கையோடு விட்டன் இறந்துபோனார். அந்தச் சாவைத் தலையில் சுமந்துகொண்டுதான் யங் ஊர் ஊராகப் போனார். கூட வந்தவர்களுக்குள் பணத்தகராறு. பாடிப்பாடித் தொண்டை கெட்டது. ஜனங்களோ 'ஹார்வெஸ்ட்' பாட்டுகளைக் கேட்க வந்திருந்தார்கள். இவர் அவர்கள் அறியாத புதுப் பாட்டுகளைப் பாடினார். பெரும்பாலும் அந்தப் பாட்டுகள்தான் இந்தத் தட்டு.

பிற்காலத்துப் பேட்டி ஒன்றில், தான் செய்ததிலேயே மோசமான தட்டு இதுதான் என்றார் யங். அப்போது தனக்கு நடந்துகொண்டிருந்ததற்கு இது நல்ல சாட்சி என்றும் அதே மூச்சில் சொன்னார். எப்படியோ, குறுந்தகடு வந்த காலத்தில் அவருடைய மற்றத் தட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இது வரவில்லை. 2014இல்தான் மறுபடி கறுப்புத் தட்டாக வந்தது. குறுந்தகடாக வர 2017 ஆயிற்று. 44 வருஷம்!

தட்டு அவ்வளவு மோசமா? நான் மூன்று முறை கேட்டேன். சுருதி சுத்தம் தேடுகிறவர்கள் முதல் பாட்டிலேயே எழுந்து போய்விடுவார்கள். குரல் உடைகிறது. மேளக்காரர் ஒரு பக்கம் இழுக்க, கிதார் இன்னொரு பக்கம் இழுக்கிறது. ஆனால் 'டோன்ட் பி டினைட்' என்ற பாட்டு வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தகப்பன் வீட்டை விட்டுப் போனது, புதுப் பள்ளிக்கூடத்தில் அடிபட்டது, பிறகு புகழும் பணமும் வந்தது, எல்லாவற்றையும் ஒரே தொனியில் சொல்லிக்கொண்டு போகிறார். புகழைச் சொல்லும்போதும் குரல் உயரவில்லை. தேறிய கலைஞன் தன் காயத்தை எங்கே மறைக்க வேண்டும் என்று அறிந்திருப்பான். இங்கே மறைக்கத் திராணியில்லாமல் ஒருவர் பாடுகிறார். அதற்கும் கலையில் ஓர் இடம் உண்டு என்பது என் அபிப்பிராயம். நல்ல தட்டு என்று சொல்லமாட்டேன். ஆனால் இதைக் கேட்காமல் அந்தப் பாடகரை அறிந்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது.

இதை நண்பரிடம் சொல்லவில்லை. சொன்னது வேறு. "அவர் சங்கீதம், அவர் மானம். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவைக்க அவருக்கு உரிமை உண்டு" என்று கொஞ்சம் உரக்கவே வாதாடினேன். துணைக்குக் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையை அழைத்தேன். லய வேலையில் சிங்கம். பக்கவாத்தியக்காரர்களை ஒரு பட்டாளமாக மேடையில் ஏற்றிவைத்துக்கொண்டு பாடியவர். கிராமபோனுக்குப் பாட அவர் இசையவில்லை என்பார்கள். 1934இல் காலமானார். அவர் குரல் பதிந்த தட்டு ஒன்றுகூட நமக்கு இல்லை. "அதற்காக அவரைக் குறை சொல்ல முடியுமா?" என்று கேட்டேன்.

நண்பர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "அவர் கொடுக்கவே இல்லைங்க. இவர் கொடுத்துட்டு வாங்கிக்கிட்டார். ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

ஒன்றல்லதான். காசு கொடுத்து வாங்கி, பத்து வருஷம் கேட்டு, அண்ணன் நினைவையும் அதோடு சேர்த்து வைத்துக்கொண்ட பிறகு, பாட்டில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. நம் நாட்டுச் சட்டம்கூட இதைக் கொஞ்சம் ஒப்புக்கொள்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவைப் பாருங்கள். வெளியான ஒரு படைப்பை மறுபடி வெளியிட உரிமையாளர் மறுத்து, அதனால் அது ஜனங்களுக்குக் கிடைக்காமல் போனால், வேறொருவர் முறையிடலாம்; உரிய தொகை கொடுத்து வெளியிட அனுமதி பெறலாம். இசைத்தட்டுக்கு வெளியான பிறகு 60 வருஷம்தான் உரிமை. அதன்பின் அது ஊர்ச்சொத்து.

ஆனால் ஊர்ச்சொத்து என்று சட்டம் சொல்லிவிட்டால் போதுமா? பொருள் கையில் இருக்க வேண்டாமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தச் சாலையில் ஒரு பழைய வளைவைப் பார்த்திருப்பார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் வாசல் வளைவு அது. டி. ஆர். சுந்தரம் கட்டியாண்ட ராஜ்யத்தில் இன்று எஞ்சி நிற்பது அந்த வாசல்தான். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. 1950இல் வந்த 'மந்திரி குமாரி'யையும் 1956இல் வண்ணத்தில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தையும் இன்றும் பார்க்கிறோம். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் வந்ததும் அங்கிருந்துதான். அந்தப் படம் இன்று இல்லை. பாட்டுப் புத்தகமும் சில புகைப்படங்களுமே மிச்சம். பாட்டின் சொல் இருக்கிறது. பாடின குரல் போய்விட்டது.

அதை யாரும் வெறுத்து ஒதுக்கவில்லை. மோசமான படம் என்று சொல்லி யாரும் பூட்டிவைக்கவில்லை. ஓட வேண்டிய மட்டும் ஓடிற்று. பிறகு அதைக் காப்பது யாருக்கும் வேலையாக இருக்கவில்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கிற சரக்கு. வைத்த இடத்திலேயே மட்கிப் பொடியாகும். சுருளில் உள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்ட படங்களுக்கும் நம் நாட்டில் கணக்கில்லை. 1938ஆம் வருஷத்துப் படத்தின்மேல் இன்று உரிமை பேச யாரும் வரமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அதைத் திருப்பிக் கொடுக்கும்?

இப்படிப் பார்த்தால் நீல் யங் செய்தது அவ்வளவு பெரிய குற்றமாக எனக்குப் படவில்லை. தட்டை நிறுத்திவைத்தார், ஒலிநாடாவை எரிக்கவில்லை. அதனால்தான் அத்தனை வருஷம் கழித்தாவது வெளிவிட முடிந்தது. வெறுத்தவர் பத்திரமாக வைத்திருந்தார். வெறுக்காத நாம் தொலைத்துவிட்டோம்.

பிறகு சொல்கிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

என் முதல் நாவல் வெளிவந்து பல வருஷங்கள் ஆகின்றன. அதை நான் மறுபதிப்புச் செய்ய விடவில்லை. கேட்ட பதிப்பாளர்களிடம், "அது பிள்ளைப் பிராயத்துக் கிறுக்கல்" என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். முழு உண்மை அதுவல்ல. என் தகப்பனாரைப்பற்றி அதில் எழுதியிருந்த முறை எனக்குக் கூச்சமாக இருந்தது. கோபத்தில் எழுதினது. அவர் போன பிறகு அதைத் திருப்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மலையில் அன்று நான் அந்தப் பாடகருக்காக உரக்கப் பேசியது எனக்காகப் பேசியதுதான்.

கிளம்புகிற நாள் காலையில் நண்பர் ஒரு கட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். காக்கி அட்டை போட்டு, ஊசி நூலால் தைத்த ஜெராக்ஸ் பிரதி. என் நாவல்தான். நூலகத்தில் எடுத்து நகல் செய்துகொண்டாராம். ஓரங்களில் பென்சில் கோடுகள். தகப்பனார் வரும் பக்கத்தில் இரட்டைக் கோடு.

"மூலப் பிரதி உங்ககிட்டே பத்திரமா இருக்குமில்லையா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் அச்சுப் பிரதிகூடக் கிடையாது. கையெழுத்துப் பிரதி அந்தப் பதிப்பகத்தோடு போயிற்று; அதை மூடி வெகுகாலம் ஆகிறது. நிறுத்திவைத்திருக்கிறேன் என்று இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு தாண்டுகிறவரை அது மடியிலேயே இருந்தது. இப்போது ஒருவர் அதைத் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கிறார். ஒரு வரிகூட மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். தகப்பனார் வரும் பக்கத்தையும் சேர்த்துத்தான். இது என் மோசமான நாவல் என்று முன்னுரையில் எழுதிக்கொள்கிறேன். அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் வாசகர்கள்.