ஏட்டிலிருந்து சீட்டுக்கு

நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் கபிலையில் கால் நனைத்து, தரிசனம் முடித்து, மைசூர் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். பிராகாரத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். நம் அறுபத்துமூவர் அங்கே வரிசையாக நிற்கிறார்கள், கன்னட எழுத்தில் பெயர் பொறித்து. சிவனின் லீலா மூர்த்தங்களுக்கும் பெயர் உண்டு. மைசூர் அரசர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் செய்வித்த வேலை இது. அரசியரோடு அவருக்கும் அங்கே சிலை இருக்கிறது.

ஐந்து வயதில், 1799இல், அரியணை ஏறியவர். 1831இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்புறம் 1868இல் மறையும்வரை பட்டமும் பொழுதும்தான் மிச்சம். அவர் பெயரால் விளங்கும் 'ஸ்ரீதத்துவநிதி' ஒன்பது பாகம்: எந்தத் தெய்வத்துக்கு எத்தனை கை, எந்தக் கையில் என்ன, வாகனம் எது என்று சுலோகமும் வண்ணப்படமுமாக. ஒன்பதாவதான கௌதுக நிதியில் சங்கதி மாறுகிறது. அது விளையாட்டுக்கு. அரண்மனைச் சித்திரக்காரர்கள் வரைந்த தெய்வங்கள் கஞ்சிபா என்னும் ஆட்டச் சீட்டுகளாகிவிட்டன.

ஏட்டில் முன் எது, பின் எது என்பதை வரைகிறவர் தீர்மானிக்கிறார். சீட்டிலோ அதைக் கலைத்துப் போடுகிறவர் தீர்மானிக்கிறார். கதையின் துணையில்லாமல் ஒவ்வொரு படமும் தனியே பேசவேண்டும்.

பழைய தசாவதாரச் சீட்டுக்கட்டு இந்தச் சவாலை அழகாகச் சமாளித்தது. அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டு. மச்சாவதாரத்துக்கு மீன், ஐந்து மீன் இருந்தால் அது ஐந்து. ராஜா சீட்டில் அவதாரமே கொலுவிருக்கும், மந்திரி குதிரைமேல் வருவார். பகலில் ஆடினால் ராமரை வைத்திருப்பவர் தொடங்குவார், ராத்திரியில் கிருஷ்ணர் வைத்திருப்பவர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஆடலாம்.

உடையாருக்கு அது போதவில்லை. அவர் வகுத்த சாமுண்டேஸ்வரி ஆட்டத்துக்கு 320 சீட்டு, பதினாறு வகை! கையில் விசிறியாகப் பிடித்தால் ஓரம்தான் தெரியும். அங்கே கிரீடத்து முத்தையும் ஆயுதத்தின் வளைவையும் மயிரிழைத் தூரிகையால் தீட்டி என்ன பயன்? ஆட்டமாக இது தோல்வி என்றே நினைக்கிறேன். படப்புத்தகக்காரரின் பேராசை, எதையும் விட்டுவிட மனம் வரவில்லை. ஆனால் ஒரு சீட்டைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், குறை சொல்ல வாய் வராது. அதே மனிதர் சதுரங்கக் குதிரையை 64 கட்டத்திலும் ஒருமுறை மட்டும் பாயவிட்டு, குறுக்கும் நெடுக்கும் கூட்டினால் 260 வரும்படி பாதை வகுத்தவர். அங்கே ஓர் எண்கூட மிகையில்லை.

மைசூர் கஞ்சிபாவை நம் காலத்தில் மீட்டெடுத்தவர் ஓவியர் ரகுபதி பட்டா. ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் பழைய ஆட்டப் பலகைகளைப் புதிதாகச் செய்து மைசூரில் கண்காட்சி வைக்கிறது. வாங்கினால் ஆடுங்கள், தயவுசெய்து சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடாதீர்கள்.