பாலூ தம்பி என்ற தடியன்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியால் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குக் கடைப் பெயர்ப்பலகையை வாசிக்கக் கிடைப்பது ஓரிரு விநாடிதான். அதற்கென்றே பிறந்த எழுத்துரு ‘பாலூ தம்பி’. மும்பையின் ஏக் டைப் குழு பல இந்திய எழுத்துகளுக்கு ஒருசேரச் செய்த பாலூ குடும்பத்தின் தமிழ்ப் பிள்ளை, இலவசமாகவே கிடைக்கிறது. தடித்த உடம்பு, மழுங்கிய முனைகள். நல்லாய்ச் சாப்பிட்டு வளர்ந்த பொடியன் மாதிரி ஒரு நிற்பு.

‘வெதுப்பகம்’ என்று அடித்துப் பாருங்கள். ‘ப’வின் விறைத்த மூலைகள் தணிந்துவிடும். ப்-இன் புள்ளி தூரத்திலேயே உருண்டையாய்த் தெரியும். ஆனால் எந்தத் தடித்த எழுத்துருவுக்கும் உண்மையான சோதனை ‘ண’தான். மூன்று சுழியும் மை நிரம்பி அடைபடக்கூடாது. உள்ளே கோட்டைச் சற்று மெலித்துவிட்டு, வெளியே தடிப்புக் குறையாததுபோலக் காட்டவேண்டும். இந்தக் கள்ளத்தனத்தில்தான் வரைகலைஞரின் கெட்டித்தனம் இருக்கிறது.

எங்களுக்கு ஒரு குறை: பாலூவில் சிங்களம் இல்லை. மும்மொழிப் பலகைக்கு வேறொன்றைத் தேடவேண்டும். சிங்கள எழுத்து இயல்பிலேயே உருண்டை என்பதால் சோடி சேர்ப்பது பெரிய பாடில்லை.

குளிர்களிக் கடை, சிறுவர் புத்தக அட்டை, விளையாட்டுப் போட்டிப் பதாகை எல்லாவற்றுக்கும் பொருந்தும். மரண அறிவித்தலுக்கு மட்டும் வேண்டாம். செத்தவர் சிரிப்பதுபோல இருக்கும். பந்தி பந்தியாய் அடித்தாலும் கண் களைத்துவிடும். பின்னால் வந்த ‘பாலூ தம்பி 2’இல் மெல்லிய தடிப்புகளும் உண்டு. எனக்கென்னவோ பழைய தடியனைத்தான் பிடிக்கும்.