பில் போகும் வழி: நெரவியும் இலங்கையும்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் பகுதியிலுள்ள நெரவியிலிருந்து நாகூருக்குச் சரக்கு ஏற்றினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வாஞ்சூரைத் தாண்டியதும் வண்டி தமிழ்நாட்டுக்குள் போய்விடும். அதனால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை, பில்லில் ஐஜிஎஸ்டி விழும். அதே சரக்கைச் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியுள்ள புதுச்சேரிக்கு அனுப்பினால், வழியில் பெரும்பகுதி தமிழ்நாட்டுச் சாலைதான் என்றாலும், அது உள்மாநில விற்பனை. வரி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரியும். 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்காலின் எல்லை, இன்றும் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களில் உயிரோடு இருக்கிறது. இந்தப் பக்கம் 34, அந்தப் பக்கம் 33.

இந்தக் கணக்கையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு பில் போட்ட காலம் போய்விட்டது. டேலி என்னும் கணக்கு மென்பொருளில் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணைத் தட்டினால் எந்த வரி என்பதை அதுவே முடிவு செய்துவிடும். அடுத்து அந்த பில், ஜேசன் என்னும் கோப்பு வடிவத்தில் அரசின் விலைப்பட்டியல் பதிவுத் தளத்துக்குப் போகிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, பில் எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து 64 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாள எண் பிறக்கிறது. ஐஆர்என் என்று கணக்குப் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். தளம் பில்லில் மின்னணுக் கையொப்பமிட்டு, க்யூஆர் கட்டத்தோடு திருப்பி அனுப்புகிறது. மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் வேண்டும். அதையும் அதே கையோடு எடுத்துவிடலாம்.

2020 அக்டோபர் 1 அன்று, ஆண்டுக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு இந்த மின் பில் முறை கட்டாயமானது. வரம்பு படிப்படியாக 100, 50, 20, 10 கோடி என இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியில் நிற்கிறது. விதிக்கு உட்பட்ட நிறுவனம் ஐஆர்என் இல்லாமல் இன்னொரு நிறுவனத்துக்கு பில் கொடுத்தால், சட்டத்தின் பார்வையில் அது பில்லே ஆகாது. வாங்கியவருக்கு உள்ளீட்டு வரிச் சலுகையும் சிக்கலாகும். ஆகவே இப்போது ஐஆர்என்னை முதலில் கேட்பவர் அதிகாரி இல்லை, வாடிக்கையாளர்.

கடலுக்கு அப்பால் நிலைமை வேறு. இலங்கையில் பெறுமதி சேர் வரி, அங்கே எல்லாரும் சொல்கிறபடி ‘வற்’, 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். பதிவு செய்வதற்கான ஆண்டு விற்றுமுதல் வரம்பும் அப்போது 8 கோடி ரூபாயிலிருந்து 6 கோடியாக இறங்கியது. ஆனால் 2025 வரை, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் அரசின் வாசல் எதுவும் நிற்கவில்லை. விலைப்பட்டியல் நேராக வாங்குபவரிடம் போகும். அதன் விவரம் பிறகு வரிப் படிவத்தின் அட்டவணைகளில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தைச் சென்றடையும். இந்திய அரசு பில் பிறக்கும்போதே பார்க்கிறது. இலங்கை அரசு கணக்கு முடிந்த பின் பார்த்தது.

இதை வைத்து இலங்கை பின்தங்கிவிட்டது என்று முடிவு கட்டினால் தவறு. மின்னணு ஆவணத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் சட்ட வலுத் தரும் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் அங்கே 2006இலேயே வந்துவிட்டது. காசோலையைத் தூக்கிக்கொண்டு அலையாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் முறையும் அதே ஆண்டு தொடங்கியது. தெற்காசியாவில் அதுதான் முதல். அங்கே நிறுவனங்களைத் தானியக்கத்துக்குள் தள்ளியது வரி அலுவலகம் இல்லை என்பதே வேறுபாடு. தள்ளியவர் சரக்கு வாங்குபவர்.

இலங்கையின் ஆடைத் தொழிலைப் பாருங்கள். மாஸ், பிரண்டிக்ஸ், ஹிர்தரமணி போன்ற குழுமங்கள் வெளிநாட்டு வணிகப் பெயர்களுக்குத் தைத்துக் கொடுப்பவை. அமெரிக்க, ஐரோப்பியப் பெருங்கடைகள் பல பத்தாண்டுகளாகவே கொள்வனவு ஆணையைக் காகிதத்தில் அனுப்புவதில்லை. எக்ஸ்12, 1987இல் சர்வதேசத் தரமான எடிஃபாக்ட் ஆகிய செய்தி வடிவங்களில் ஆணை நேராகக் கணினிக்கு வரும். தைத்து முடித்ததும் எந்தப் பெட்டியில் எந்த அளவு, எந்த நிறம், எத்தனை என்ற முன்னறிவிப்பு, சரக்குக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். பெட்டியின் பட்டைக்குறியீடு அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் வாங்குபவர் பணத்தில் பிடித்துக்கொள்வார். பெரிய குழுமத்துக்கு நூல், பொத்தான், அட்டைப்பெட்டி கொடுக்கும் நடுத்தர நிறுவனமும் இந்த ஒழுங்குக்குள் வந்தே தீர வேண்டும்.

தேயிலையில் இதே கதை இன்னும் தெளிவாகத் தெரியும். கொழும்பில் 1883 முதல் ஏலக்கூடத்தில் குரல் கொடுத்து நடந்துவந்த ஏலம், கொரோனா ஊரடங்கு வந்ததும் 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறியது. தரகர்களின் பட்டியல், மாதிரி எண், ஏலக்கேள்வி, விற்பனைக் குறிப்பு எல்லாம் ஒரே தளத்துக்கு வந்தன. மாற்றியது கொழும்பு தேயிலை வணிகர் சங்கம். இந்தியாவில் குன்னூர் தேயிலைக்கான மின் ஏலத் தளத்தை நடத்துவது தேயிலை வாரியம், அதாவது மத்திய அரசின் நிறுவனம். ஒரே பயிர், ஒரே வேலை. இங்கே அரசு, அங்கே வணிகர்.

இந்தியாவில் வாங்குபவர் உந்தும் தானியக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. திருப்பூர் ஏற்றுமதியாளரும் சென்னை, ஓசூர் பக்கத்து மோட்டார் உதிரிபாக நிறுவனங்களும் கொழும்புக்காரர்களைப் போலவே பழகியிருக்கிறார்கள். ஆனால் அந்த வளையத்துக்கு வெளியே இருக்கும் நடுத்தர நிறுவனத்துக்குத் தானியக்கம் என்றால் ஜிஎஸ்டிதான். நெரவி அப்படிப்பட்ட ஊர். ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம் இங்கே இருப்பதால் கிரேன், டேங்கர், வால்வு பழுது, குழாய் வேலை என்று எண்ணெய்க் கிணறுகளைச் சார்ந்த தொழில்கள் சுற்றுவட்டாரத்தில் உண்டு. இந்தத் தொழிலில் பில் போடுவது கடைசி வேலை. வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது, கிரேன் எந்த நாள் சும்மா நின்றது என்ற பதிவேட்டில் தள அலுவலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பில்லுக்கு அர்த்தமே வரும். அரசுத் தளத்துக்கு அந்தக் கையெழுத்து பற்றி எதுவும் தெரியாது.

ஆக, இரண்டு முறைகளின் பலமும் பலவீனமும் யார் கட்டாயப்படுத்தினார்கள் என்பதிலிருந்தே வருகின்றன. இந்தியாவில் வடிவம் ஒன்றுதான். கும்பகோணத்துப் பாத்திர வியாபாரியும் காரைக்கால் ரசாயன ஆலையும் ஒரே கட்டங்களை நிரப்புகிறார்கள். எல்லாருக்கும் தேவை என்பதால் மென்பொருளும் மலிந்தது. டேலியிலேயே வசதி வந்துவிட்டது. ஆனால் அந்த வடிவத்தின் அக்கறை வரியில் தொடங்கி வரியில் முடிகிறது. இலங்கையில் வாங்குபவர் கேட்பது ஆழமானது. ஆணை, பொதி, கப்பலேற்றம், வந்து சேர்ந்த விவரம் என எல்லாம் கோக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு வாங்குபவருக்கும் ஒரு வடிவம். மூன்று பெருங்கடைகளுக்குச் சரக்குப் போடும் ஒருவர் மூன்று தளங்களைப் பழக வேண்டும். நாளை ஒரு வாடிக்கையாளர் போய்விட்டால் அந்தப் பழக்கமும் வீண். உள்ளூர்க் கடைக்காரரோடு நடக்கும் வியாபாரத்தில் இதில் எதுவும் கிடையாது. அங்கே ஒரு தாள், ஒரு கையெழுத்து, பின்திகதியிட்ட ஒரு காசோலை.

இரண்டு பக்கமும் தவறவிட்ட இடம் பணம். பில் அரசுக்குப் போய்ச் சேர்ந்ததும் பணம் வந்துவிடும் என்று யாரும் நம்புவதில்லை. இந்தியச் சட்டம் 2006 முதலே 45 நாள் கெடு வைத்திருக்கிறது. அது குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். அந்தக் கெடுவை இறுக்கி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தமும் அவர்களுக்குத்தான். நடுத்தர நிறுவனம் இரண்டிலும் வெளியே நிற்கிறது. அதற்கு எஞ்சியிருக்கும் வாசல் ட்ரெட்ஸ் என்னும் பில் ஏலத் தளம். பெரிய நிறுவனம் ஏற்றுக்கொண்ட பில்லை அங்கே வங்கிகள் போட்டி போட்டுத் தள்ளுபடியில் வாங்கும். 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் அதில் பதிய வேண்டும் என்று 2018இல் ஆணை வந்தது. 2024 நவம்பரில் வரம்பு 250 கோடியாகக் குறைந்தது. இதில் முக்கியமான சொல் ‘ஏற்றுக்கொண்ட’ என்பது. வாங்கியவர் ஆம் என்று சொல்லும் வரை ஐஆர்என் இருந்தாலும் பணமில்லை.

அந்த ‘ஆம்’ சொல்ல வைக்கும் முயற்சி வரிப் பக்கத்தில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. 2024 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி தளத்தில் வாங்குபவர் தனக்கு வந்த ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம். நோக்கம் வரிச் சலுகைதான். ஆனாலும் சரக்கு வந்தது, கணக்குச் சரி என்று வாங்குபவர் வாயால் வரும் ஒரு பொதுப் பதிவு அது.

இலங்கையும் ஒரு திருப்பத்தில் நிற்கிறது. ஏற்றுமதியாளருக்கு விற்பவர்களின் வரியை நிறுத்திவைத்து, பணத்துக்குப் பதில் வரவுச் சான்று கொடுத்துச் சரிக்கட்டிய எளிமைப்படுத்தப்பட்ட வற் முறை 2011 முதல் இருந்தது. 2025 அக்டோபர் 1 அன்று அது எடுக்கப்பட்டது. இனி வரியைக் கட்டிவிட்டுத் திரும்பப் பெற வேண்டும். திரும்பப் பெறுவது வேகமாக நடக்க, விற்றவர் சொன்னதும் வாங்கியவர் சொன்னதும் கணினியில் ஒத்துப்போக வேண்டும். அதனால் மின்னணு விலைப்பட்டியலின் தேவை அங்கே தானாகவே கதவைத் தட்டுகிறது. அண்டை நாட்டின் வரி வாசலை அப்படியே பெயர்த்து வைப்பது எளிது. ஆனால் வேறு வழியும் உண்டு. சிங்கப்பூர் 2019இல் தொடங்கிய முறையில் நிறுவனத்தின் கணினியிலிருந்து நிறுவனத்தின் கணினிக்கே ஒரு பொது வடிவத்தில் பில் போகிறது. ஆடைத் தொழிலில் ஆணை முதல் பொதி வரை பழகிய இலங்கைக்கு அந்த வழி இன்னும் பொருத்தம்.

இதெல்லாம் நெரவிக்கு எதற்கு என்று கேட்கலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய, இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் கிளம்புவது பக்கத்து நாகப்பட்டினத்திலிருந்து. முதலில் பேச்சில் அடிபட்டது காரைக்கால். இப்போதைக்குப் பயணிகள்தான். நாளைக்குச் சரக்கும் போனால், இங்கே ஏற்றுமதி பில் ஐஸ்கேட் என்னும் சுங்கத் தளத்தில் ஏறும். அங்கே அதே விவரம் இலங்கைச் சுங்கத்தின் அசிக்குடா வேர்ல்ட் அமைப்பில் புதிதாகத் தட்டச்சாகும். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் சலுகை வேண்டுமானால் தோற்றச் சான்றிதழும் கூட வர வேண்டும். இரண்டு பக்கமும் மாறாமல் இருப்பது உலகம் முழுதும் பொதுவான சரக்குக் குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் மட்டுமே.

இதற்குள் நம் நடுத்தர நிறுவனம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. இந்திய மின் பில்லின் வடிவத்தில் கொள்வனவு ஆணை எண், ஒப்பந்த எண், சரக்கு பெற்ற குறிப்பு எண் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. கட்டாயமில்லை என்பதால் பலர் வெறுமனே விட்டுவிடுகிறார்கள். அவற்றை நிரப்பினால், கையொப்பமிட்டுத் திரும்பி வரும் கோப்பில் ஆணையும் வரவும் பில்லும் ஒரே சங்கிலியாக நிற்கும். வாங்குபவரின் கணினி அதை மனிதக் கை படாமல் பொருத்திப் பார்க்கலாம். பணம் எங்கே என்று கேட்கப் போகும்போது பேச்சு எண்ணிலிருந்து தொடங்கும். கொழும்பு ஆடைத் தொழிற்சாலைக்கு இந்த ஒழுங்கை வெளிநாட்டு வாங்குபவர் கற்றுக்கொடுத்தார். இங்கே யாரும் கற்றுத்தர வரப்போவதில்லை. டேலியில் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. நிரப்பச் சொல்லி வாங்குபவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டியது நிறுவனத்தின் முதலாளிதான். ஆடிட்டர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குகிற வேலை அது இல்லை.