நீலம் இல்லாத ஹெராத்: ராபர்ட் பைரனின் கறுப்பு வெள்ளைப் படங்கள்

ஆங்கில எழுத்தாளர் ராபர்ட் பைரன் 1933 ஆகஸ்டில் வெனிஸிலிருந்து புறப்பட்டு, ஃபலஸ்தீன், ஷாம், இராக் வழியே ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் அடைந்து, 1934 ஜூலையில் நாடு திரும்பினார். 1937இல் வெளிவந்த ‘த ரோட் டு ஆக்ஸியானா’ இப்பயணத்தின் விளைவு. பயண இலக்கியம் பற்றிப் பேசுவோர் அந்நூலைத் தவறாமல் பாராட்டுகின்றனர். அதே பயணத்தில் அவர் எடுத்த கட்டடப் படங்களையோ நூலுக்கு ஒட்டுப்போட்ட துணைப்பொருளாகவே கருதுகின்றனர். லண்டன் கோர்டோல்ட் நிறுவனத்தின் கான்வே படநூலகத்தில் பேணப்படும் அப்படங்கள் தனித்து மதிப்பிடத் தக்கவை. அவை வெல்லும் இடத்தையும் தோற்கும் இடத்தையும் எடுத்தவரின் திறமையைவிட எடுக்கப்பட்ட கட்டடமே தீர்மானிக்கிறது என்பது நமது கருத்து.

பைரனை ஈரானுக்கு இழுத்ததே ஒரு புகைப்படம்தான். கலை வரலாற்றாளர் எர்ன்ஸ்ட் டீஸ் வெளியிட்ட கும்பதே காபூஸ் படமே தம்மை இப்பயணத்திற்குத் தூண்டியதாக அவர் எழுதியிருக்கிறார். காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே குர்கான் சமவெளியில் நிற்கும் இக்கோபுரம், ஹிஜ்ரி 397இல் (கி.பி. 1006-07) ஸியாரி வம்சத்து மன்னர் காபூஸ் இப்னு வஷ்ம்கீர் தமக்கென எழுப்பிய அடக்கத்தலம். அல்பிரூனி தம் ‘அல் ஆஸாருல் பாக்கியா’வைக் காணிக்கையாக்கியது இம்மன்னருக்கே. ஏறத்தாழ 53 மீட்டர் உயரம். முழுவதும் சுட்ட செங்கல். வண்ண ஓடு ஒன்றுகூட இல்லை. வட்ட உடலிலிருந்து பத்துக் கூரிய விளிம்புகள் புறப்பட்டு, அடியிலிருந்து கூரையின் விளிம்புவரை இடைமுறியாமல் ஏறுகின்றன. ஒவ்வொரு விளிம்பும் வெயிலையும் நிழலையும் செங்குத்தாகப் பிரிக்கிறது. கூஃபி எழுத்துப் பட்டைகள் இரண்டும்கூட நிறத்தால் அன்றி மேடு பள்ளத்தாலேயே வாசிக்கப்படுகின்றன. இத்தகைய கட்டடத்தின் முன் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் எதையும் இழப்பதில்லை. கட்டியவன் எண்ணியதும் ஒளியும் நிழலுமே. படச்சுருள் அறிந்ததும் அவையே.

இஸ்ஃபஹானில் இவ்வேறுபாட்டை ஒரே ஊருக்குள் காணலாம். ஜும்ஆ பள்ளியின் வடபுறத்தில் 1088இல் எழுப்பப்பட்ட செங்கற் குவிமாடக் கூடத்தையும், 1619இல் முடிவுற்ற ஷெய்கு லுத்ஃபுல்லாஹ் பள்ளியையும் ஒருசேர வைத்துப் பைரன் போற்றுகிறார். முன்னதை எவர் கறுப்பு வெள்ளையில் எடுத்தாலும் அதன் வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக எழும் தர்க்கம் விளங்கிவிடும். பின்னதன் உட்புறமோ, நிறத்தை நீக்கியதும் வெறும் பூவேலைப்பாடாகச் சுருங்கிவிடுகிறது.

இதற்குக் காரணம் தொழில்நுட்பத்தில் இருக்கிறது. பழைய படச்சுருள்கள் நீலத்துக்கு மிகையாகவும் சிவப்புக்கு மிகக் குறைவாகவும் இணங்கின. ஆகவே நீல ஓடு வெளுத்தும் செங்கல் கறுத்தும் பதிந்தன. பின்னர் பரவிய பான்குரோமாட்டிக் படச்சுருள் எல்லா நிறங்களையும் ஏற்றது. அதனோடு மஞ்சள் வடிகட்டியைப் பொருத்தினால் வானம் கறுக்கும், செங்கல் ஒளிர்ந்து முன்வரும். கும்பதே காபூஸுக்கு அது பொருந்தும். ஆனால் தைமூரியர் குவிமாடத்தில் அதே வடிகட்டி வானத்தோடு நீல ஓட்டையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். நேரில் நிற்பவரின் கண் வானத்தின் நீலத்தையும் ஓட்டின் பச்சை கலந்த நீலத்தையும் எளிதில் பிரித்தறிகிறது. படத்தில் இரண்டும் ஒரே சாம்பல். இன்று விருப்பத்தால் படச்சுருளுக்குத் திரும்பி, பழைய கேமராவோடு சமர்கந்து செல்வோரும் இவ்விடரிலிருந்து முற்றாகத் தப்ப இயலாது.

பைரன் இதை உணர்ந்தே இருந்தார் எனத் தோன்றுகிறது. நூலில் செங்கற் கட்டடங்களைப் பற்றிய பகுதிகளில் வடிவத்தைப் பேசுபவர், ஹெராதை எழுதும்போது நீலத்தின் வகைகளைப் பிரித்துப் பிரித்து வருணிக்கிறார். மஷ்ஹதில் அரசி கௌஹர் ஷாத் எழுப்பி 1418இல் முடிவுற்ற பள்ளிக்குள் அவர் மாறுவேடத்தில் நுழைந்தார். ஓர் இறையில்லத்தின் அழகைக் கொண்டாடியவர் அதற்குரிய அதபைப் பொருட்படுத்தாதது கண்டிக்கத்தக்கதே. வருணனையின் சிறப்பு அச்செயலுக்கு நியாயம் ஆகாது. அவ்வருணனையில் நிறமே நிறைந்திருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

எனினும், படங்கள் நிறத்தில் தோற்ற அதே ஹெராதில்தான் அவற்றின் மதிப்பு வேறு வழியில் உயர்கிறது. ஷாருக்கின் துணைவியான கௌஹர் ஷாத், கிவாமுத்தீன் ஷீராஸி என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு 1417இல் முஸல்லா வளாகத்தைத் தொடங்கினார். பின்னர் சுல்தான் ஹுசைன் பைகராவின் மத்ரஸாவும் அருகே எழுந்தது. 1885இல், ரஷ்யப் படையெடுப்பு நேரும் என்ற அச்சத்தில், பீரங்கிகளுக்கு வெட்டவெளி வேண்டுமென இவ்வளாகத்தின் பெரும்பகுதி தகர்க்கப்பட்டது. ஆணை அமீர் அப்துர் ரஹ்மானுடையது. ஆலோசனை பிரிட்டிஷ் அதிகாரிகளுடையது. தம் நாட்டவரின் இப்பங்கைப் பைரன் மறைக்காமல் எழுதியிருப்பது அவருக்குப் பெருமை. தகர்ப்புக்குப் பின் ஒன்பது மினாராக்கள் எஞ்சின. அவர் சென்றபோது ஏழு நின்றன. 2023 அக்டோபரில் ஹெராதை உலுக்கிய நிலநடுக்கங்களுக்குப் பின் நிற்பவை ஐந்தே.

வீழ்ந்த மினாராக்களைப் பொறுத்தவரை அவர் படங்கள் கலைப்படைப்பு என்ற நிலையைக் கடந்து சாட்சியமாகிவிட்டன. ஒரு மினாரா எங்கே நின்றது, எவ்வளவு சாய்ந்திருந்தது, ஓட்டுப்பட்டைகள் எந்த உயரத்தில் சுற்றின, எந்தப் பக்கத்தில் ஓடு உதிர்ந்து செங்கல் தெரிந்தது ஆகியவற்றை இத்தகைய படங்களைக் கொண்டு கணிக்கலாம். அப்பட்டைகளின் நிறத்தை அறிய வேண்டுமாயின், அடியில் சிதறிய ஓட்டுத்துண்டுகளையோ பைரனின் உரைநடையையோதான் நாட வேண்டும்.