லாட் பஜாரில் தோற்காத கால்குலேட்டர்

சார்மினாரை ஒட்டிய லாட் பஜாரில் அரக்கு வளையலுக்குப் பேரம் பேச உருதும் வேண்டாம், தெலுங்கும் வேண்டாம். கடைக்காரர் கால்குலேட்டரில் 600 என்று தட்டி நம் பக்கம் திருப்புவார். நாம் அழித்துவிட்டு 400 தட்டித் திருப்ப வேண்டும். அவர் சட்டைப் பையில் ஸ்மார்ட்போன் இருக்கும். எதிரே யுபிஐ அட்டையும் நிற்கும். ஆனால், முன்பின் தெரியாதவர் கையில் யார் போனைக் கொடுப்பார்கள்?

சிக்கந்தராபாத்தில் எங்கள் குடியிருப்பின் பராமரிப்புக் கணக்கு என் தலையில் விழுந்திருக்கிறது. மேசையில் 12 இலக்க கேசியோ எம்ஜே-120டி ப்ளஸ், பக்கத்திலேயே போன். ரசீதுக் கட்டை இடது கையால் புரட்டிக்கொண்டே வலது கையால் தட்டும்போது, கேசியோவில் கண் ரசீதைவிட்டு நகர வேண்டியதில்லை. விரலுக்குப் பட்டன் தெரிகிறது. போனில் ஒவ்வொரு எண்ணுக்கும் பார்வை திரைக்குப் போய் வர வேண்டும். நடுவே வாட்ஸ்அப் வேறு எட்டிப் பார்க்கும். கேசியோவில் கூட்டுத்தொகை இடித்தால் ‘செக்’ பட்டனை அழுத்தி, போட்ட எண்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கலாம். தப்பானதை அங்கேயே திருத்தலாம். 300 படிகள் வரை நினைவில் வைத்திருக்கும். இது ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

தொடுதிரைக்கு வேகம் ஒத்துவராது என்பதற்கு 2017-இல் ஆப்பிளே சாட்சி. ஐஓஎஸ் 11 கால்குலேட்டரில் 1+2+3 என்று விறுவிறுவெனத் தட்டினால் 24 வந்தது. பட்டனின் அசைவு முடிவதற்குள் அடுத்ததைத் தட்டியதால், இரண்டாவது கூட்டல் குறி பதிவாகாமல் 1+23 ஆகிவிட்டது. பிறகு சரிசெய்தார்கள்.

இன்னொரு வித்தியாசம் உண்டு. ஒரு செட் வளையல் 120, இன்னொன்று 80, இரண்டிலும் மூன்று வேண்டும். 120+80×3 என்று மேசைக் கால்குலேட்டரில் தட்டினால் 600. போனில் தட்டினால் 360. போன் பள்ளிக்கூட விதிப்படி பெருக்கலை முதலில் செய்கிறது. மேசைக் கால்குலேட்டர் தட்டிய வரிசையிலேயே போகிறது. கல்லாவில் உட்கார்ந்தவருக்கு வேண்டியது 600தான்.

சிஏ மாணவர்கள் மேசைக் கால்குலேட்டரில் கில்லாடிகள். அவர்களின் தேர்வில் போனுக்கு அனுமதி இல்லை; ஆறு செயல்பாடு, 12 இலக்கம், இரண்டு மெமரிக்கு மிகாத கால்குலேட்டர்தான் துணை. பத்து சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளின் தற்போதைய மதிப்புக் காரணிகளின் கூட்டுத்தொகை வேண்டுமா? சிட்டிசன் வகைக் கால்குலேட்டரில் 1 ÷ 1.1 தட்டி, சமக்குறியை மூன்று முறை அழுத்தி, ஜிடி (மொத்தக் கூட்டுத்தொகை) பட்டனை அழுத்தினால் 2.48685 என்று வந்து நிற்கும். அட்டவணையே வேண்டாம். சில கேசியோக்களில் இந்த வித்தைக்கு வகுத்தல் குறியை இருமுறை அழுத்த வேண்டியிருக்கும்.

சயன்டிஃபிக் கால்குலேட்டர் பாடு வேறு. சைன், லாக் எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்விலும் கணினித் திரையிலேயே கால்குலேட்டர் கொடுத்துவிடுகிறார்கள். பொறியியல் கல்லூரித் தேர்வு இல்லாதவர்கள் வாங்கத் தேவையில்லை. கடன் தவணை பார்க்கவும் போனே போதும். மாதாமாதம் ஒப்பிட வேண்டிய கணக்கு எக்செலுக்குப் போகட்டும். என் பராமரிப்புக் கணக்கும் கடைசியில் அங்கேதான் போகிறது.

தினமும் பத்துப் பதினைந்து எண்களுக்கு மேல் கூட்டுபவர் என்றால் ஒன்று வாங்கிவிடுங்கள். ஐநூறு ரூபாய் சுமாருக்கு நல்லதாகவே கிடைக்கும். ரப்பர் பட்டன் வேண்டாம், பிளாஸ்டிக்கே மேல். நடைபாதையில் வாங்கினால் பிராண்ட் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.